வீட்டின் வயதும் குடும்பத்தின் வரவு செலவும்

(ஒன்ராறியோ வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, அவை தேடிய செல்வத்தின் பெரும்பங்கு குடியிருக்கும் வீடாகவே இருக்கிறது. போரினால் வீட்டையும் வளவையும் விட்டு வந்தவர்களுக்கு ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாங்கிய வீடு வெறும் சொத்து அன்று. மீண்டும் கிடைத்த நிலைபேறு. இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து முற்பணம் சேர்த்த வரலாறு எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு.

ஆனால் வீட்டின் திறப்பு கைக்கு வந்த அன்றே வேறொரு கணக்கும் தொடங்கிவிடுகிறது. அடமானத் தவணைக்கு வங்கி கடிதம் அனுப்புகிறது. சொத்து வரிக்கு நகரசபை கடிதம் அனுப்புகிறது. காப்புறுதிக்கும் மின்சாரத்துக்கும் கடிதம் வருகிறது. கூரை தேய்கிறது என்பதற்கு மட்டும் எவரும் கடிதம் அனுப்புவதில்லை. அது ஒரு மழை நாளில் உட்கூரையில் ஈரக் கறையாகத் தோன்றும்போதுதான் தெரிய வருகிறது. அப்போது குடும்பம் "எதிர்பாராத செலவு" என்று கலங்குகிறது.

வலியுறுத்தப்பட வேண்டிய உண்மை இதுதான்: வீட்டைப் பேணும் செலவு எதிர்பாராத செலவு அன்று. அது நாள் மட்டும் தெரியாத, ஆனால் வருவது உறுதியான கடன். அந்தக் கடனை மாதந்தோறும் சிறுகச் சிறுக அடைப்பதா, ஒரே நாளில் வட்டியோடு அடைப்பதா என்பதே குடும்பத்தின் முன்னுள்ள தெரிவு.

கொண்டோவுக்குச் சட்டம் உண்டு, தனி வீட்டுக்கு இல்லை

ஒன்ராறியோவின் 1998 ஆம் ஆண்டுக் கொண்டோமினியச் சட்டம், ஒவ்வொரு கொண்டோ நிர்வாகமும் ஒரு சேமநிதியை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கூரை, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம், குழாய்கள் ஆகியவை எப்போது மாற்றப்பட வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதைத் தகுதி பெற்றவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். அந்த ஆய்வு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி இந்த நிதிக்கே செல்கிறது.

தனி வீட்டுக்காரர் பலர், "கொண்டோ கட்டணம் வீண் செலவு, அதனால்தான் தனி வீடு வாங்கினோம்" என்று கூறுவதுண்டு. தனி வீட்டிலும் அதே கூரை தேய்கிறது. அதே குழாய் முதிர்கிறது. கட்டணம் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே தனி வீட்டுக்காரர் தாமே தமது வீட்டின் நிர்வாக சபையாக இருக்க வேண்டியவராகிறார்.

இந்த ஒழுங்கு தமிழருக்குப் புதியதும் அன்று. யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியும் ஓலைக் கூரையும் இருந்த காலத்தில், மாரி மழைக்கு முன்னரே கிடுகு பின்னிச் சேர்த்து, வேலி அடைத்து, கூரை வேய்ந்து முடிப்பது குடும்பத்தின் கடமையாக இருந்தது. கூரை ஒழுகிய பின்னர் ஓலை தேடிய குடும்பத்தை ஊர் மதித்ததில்லை. இங்கு ஓலையின் இடத்தில் ஷிங்கிள் வந்திருக்கிறது. முன்கூட்டிச் செய்யும் பழக்கத்தைத்தான் பல குடும்பங்கள் விட்டுவிட்டன.

கணக்கிடும் முறை

வீட்டின் பெறுமதியில் ஆண்டுக்கு ஒரு வீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற பொது விதி ஒன்று கூறப்படுகிறது. நினைவில் வைப்பதற்கு இது எளிது. ஆனால் ரொறன்ரோ போன்ற நகரில் விலையின் பெரும்பகுதி நிலத்துக்கு உரியது. நிலம் துருப்பிடிப்பதில்லை, கட்டடமே தேய்கிறது. ஆகையால் பொறியியல் முறையே பொருத்தமானது: ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே எடுத்து, மாற்றும் செலவை அதன் ஆயுளால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கொள்வோம். இங்குள்ள தொகைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே. ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கிடைக்கும் உண்மையான விலை மதிப்பீடுகளை இட்டுக்கொள்ள வேண்டும்.

- கூரை ஷிங்கிள்: 12,000 டொலர், 20 ஆண்டு. ஆண்டுக்கு 600.
- ஃபேர்னஸ் எனப்படும் வெப்பமூட்டி: 6,000 டொலர், 15 ஆண்டு. ஆண்டுக்கு 400.
- குளிரூட்டி: 4,500 டொலர், 15 ஆண்டு. ஆண்டுக்கு 300.
- வெந்நீர்த் தாங்கி: 2,400 டொலர், 12 ஆண்டு. ஆண்டுக்கு 200.
- யன்னல்களும் கதவுகளும்: 20,000 டொலர், 25 ஆண்டு. ஆண்டுக்கு 800.
- தார் இட்ட வாகனப் பாதை: 6,000 டொலர், 15 ஆண்டு. ஆண்டுக்கு 400.
- ஆண்டுதோறும் செய்யும் சிறு வேலைகள் (பீலி துப்புரவு, காற்று வடிகட்டி, வெப்பமூட்டிப் பரிசோதனை, யன்னல் விளிம்பு அடைப்பு): 600.

கூட்டுத்தொகை ஆண்டுக்கு 3,300 டொலர். மாதத்துக்கு 275 டொலர்.

இது புதிய வீட்டுக்கான கணக்கு. பழைய வீட்டை வாங்கியவர் மீதி ஆயுளைப் பார்க்க வேண்டும். 15 வயதான கூரையுள்ள வீட்டை வாங்கியவருக்கு 20 ஆண்டு இல்லை. 5 ஆண்டே இருக்கிறது. அவர் அதே 12,000 டொலரைச் சேர்ப்பதற்கு ஆண்டுக்கு 600 அன்று, 2,400 ஒதுக்க வேண்டும். வீடு வாங்கும்போதே கூரை, வெப்பமூட்டி, யன்னல் ஆகியவற்றின் வயதைக் கேட்டறிவது இதனால்தான் இன்றியமையாதது. விலை பேசும்போது படுக்கையறைகளின் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் கூரையின் வயதையும் கேட்க வேண்டும்.

பணம் சேர்க்காதவர் என்ன செய்கிறார்? வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் எடுக்கிறார். 20,000 டொலரை 7 வீத வட்டிக்கு எடுத்ததாகக் கொண்டால், முதலில் ஒரு சதமும் குறையாமல் வட்டி மட்டும் ஆண்டுக்கு 1,400 டொலர் ஆகிறது. சீட்டுக் காசை ஒரு மாதம்கூடத் தவறவிடாத குடும்பங்கள் இங்கு உண்டு. அந்த ஒழுக்கத்தையே வீட்டுக்கும் காட்டலாம். சம்பளம் வரும் நாளில் தனிக் கணக்குக்குத் தானாகவே பணம் மாறும்படி செய்தால், வீடும் அந்தச் சீட்டில் ஓர் உறுப்பினராகிவிடும்.

எது முதலில்

கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பதே பெரும்பாலான குடும்பங்களின் நிலை. ஆகவே வரிசை வேண்டும். உயிர்ப் பாதுகாப்பு முதலாவது, நீர் இரண்டாவது, வெப்பம் மூன்றாவது, வசதி நான்காவது, அழகு ஐந்தாவது.

நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. விருந்தினர் கண்ணில் படுவது கிரனைட் மேடையும் பதிகல் இட்ட முன்வாசலும்தான். அத்திவாரத்தின் வெடிப்பை எவரும் பார்ப்பதில்லை. பூப்புனித நீராட்டு விழாவுக்கோ திருமணத்துக்கோ நாள் குறித்தவுடன் சமையலறை புதிதாகிறது. ஒழுகும் பீலி அப்படியே இருக்கிறது.

உயிர்ப் பாதுகாப்பு என்பதில் புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் அடங்கும். நிலக்கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவோர் நகரசபையின் கட்டட அனுமதி பெற்று, தீத்தடுப்புச் சுவரும் ஆபத்தில் வெளியேறும் வழியும் அமைத்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்திருக்க வேண்டும். அந்த வாடகையால் அடமானத் தவணை இலகுவாகலாம். ஆனால் வெளியேற வழியில்லாத அறையில் உறங்குபவரும் பெரும்பாலும் இன்னொரு தமிழரின் பிள்ளையே என்பதை மறத்தலாகாது.

நீரின் வலிமையை இந்நகரம் நன்கு அறியும். 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 2024 யூலை 16 அன்று ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பெய்தது. இரு தடவையும் பல வீடுகளின் நிலக்கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. இதற்கான முதற் காப்பு மிக மலிவானது: பீலியைத் துப்புரவாக்கல், கூரைநீர் இறங்கும் குழாயைச் சுவரிலிருந்து 2 மீற்றர் அளவு தள்ளி நீட்டுதல், வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை வெளிப்புறமாகச் சரித்தல். அடுத்த படியான பின்னோட்டத் தடுப்பு வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ நகரசபை மானியம் வழங்குகிறது. வேலை தொடங்குமுன் அதன் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். கழிவுநீர் பின்னோட்டத்துக்கான காப்புறுதி பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியது என்பதையும் பத்திரத்தில் பார்த்து உறுதி செய்தல் நன்று.

பெரிய திருத்த வேலை செய்வோர் மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 20 வீதம் வரை ஒதுக்கி வைக்க வேண்டும். சுவரைத் திறந்த பின்னரே சில உண்மைகள் வெளிவரும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய மின்கம்பி இருக்கலாம். 1990க்கு முற்பட்ட வீடுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். 1990களின் நடுப்பகுதிக்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் கட்டியவற்றில் கிடெக் குழாய் இருக்கலாம்.

கையெழுத்திடுமுன்

மூன்று ஒப்பந்தகாரரிடம் எழுத்தில் மதிப்பீடு பெறுதல் வேண்டும். மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்தால்தான் விலைகளை ஒப்பிட முடியும். மின்வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரரும், எரிவாயு வேலைக்கு உரிய பதிவுள்ளவரும் தேவை.

"ரசீது வேண்டாம் என்றால் வரி இல்லை" என்ற பேச்சு சமூகத்தில் புழங்குகிறது. 10,000 டொலர் வேலைக்கு 13 வீத வரி 1,300 டொலர். அதனை மிச்சம் பிடித்ததாக எண்ணுபவர், வேலை பழுதானால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவராகிறார். வரிச் சலுகையையும் இழக்கிறார். 65 வயதைக் கடந்த பெற்றோர் தங்குவதற்கெனத் தனிக் குடியிருப்புப் பகுதி அமைப்போருக்கு, 50,000 டொலர் வரையான செலவைக் கணக்கில் எடுக்கும் கூட்டாட்சி அரசின் வரிச் சலுகை 2023 முதல் உண்டு. கைப்பிடி, சாய்தளம் போன்ற வசதிகளுக்கு 20,000 டொலர் வரை கணக்கில் எடுக்கும் வேறொரு சலுகையும் உண்டு. இரண்டுக்கும் ரசீது தேவை.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகள் சிலவற்றை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால், புதிய உடன்பாடு இன்றி அதற்கு மேல் 10 வீதத்தை விஞ்சிக் கேட்க முடியாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம். வெப்பமூட்டி, குளிரூட்டி, வெந்நீர்த் தாங்கி, நீர் வடிகட்டி போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து விற்பது 2018 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. கட்டுமானச் சட்டத்தின்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைத்து, வேலை முடிந்து உரிய காலம் கடந்த பின்னரே விடுவிக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் வேலையைக் கொடாதிருத்தலே நன்று.

இச்சட்டங்கள் வருமுன் பட்ட துன்பம் சிறிதன்று. பகலில் தனித்திருந்த முதியோரிடம் வெந்நீர்த் தாங்கி, வடிகட்டி என்று கூறிக் கையெழுத்து வாங்கி, அதனை வீட்டின் காணிப் பதிவிலேயே பாதுகாப்பு உரிமை அறிவித்தலாகப் பதிந்து வைத்தவர்கள் இருந்தனர். வீட்டை விற்கும்போதோ கடனைப் புதுப்பிக்கும்போதோதான் அது வெளிப்பட்டது. நீக்குவதற்குப் பெருந்தொகை கேட்கப்பட்டது. நுகர்வோர் பொருட்களுக்காக அவ்வாறு பதிவதை ஒன்ராறியோ அரசு 2024 யூன் 6 அன்று தடை செய்தது. எனினும் பழைய வாடகை ஒப்பந்தங்கள் வீட்டின் அலுமாரிகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை எடுத்து வாசிக்க வேண்டியது அவசியம்.

இளையோரின் பங்கு

இங்கு வளர்ந்த பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே பெற்றோருக்காகக் கடிதம் வாசித்தவர்கள், தொலைபேசியில் மொழிபெயர்த்தவர்கள். இப்போது அவர்கள் ஒரு படி மேலே வரலாம். ஒரு விரிதாளில் வீட்டின் ஒவ்வொரு உறுப்பும், அதன் வயதும், மீதி ஆயுளும், மாற்றும் செலவும் பதிவாகட்டும். வெப்பமூட்டியின் இலக்கத் தகட்டையும் ஒவ்வொரு ரசீதையும் படமெடுத்து ஒரே கோப்பில் வைக்கட்டும். இதற்கு ஒரு சனிக்கிழமை போதும். ஆண்டுக்கு இரு தடவை, பனி கரைந்த பின்னும் இலை உதிர்ந்த பின்னும், குடும்பமாக வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கட்டும்.

பெற்றோரும் ஒன்று செய்ய வேண்டும். கணக்கைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்ட வேண்டும். கடனைப் பிள்ளை அறியக்கூடாது என்ற பாசம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அறியாத பிள்ளை, நாளை அந்த வீட்டையும் அதன் தேய்ந்த கூரையையும் ஒன்றாகவே பொறுப்பேற்கும். யாருக்கும் சொல்லாமல் வாசலில் கையெழுத்திட்ட தாயையோ தந்தையையோ கடிந்துகொள்ளாமல், 10 நாள் முடிவதற்குள் உதவிக்கு வருவதற்கும் அந்த வெளிப்படைத்தன்மையே வழிசெய்யும்.

ஒருமுறை வீட்டை இழந்த மக்களுக்கு வீட்டின் அருமையை எவரும் சொல்லத் தேவையில்லை. குண்டும் இடப்பெயர்வும் பறித்ததைத் தடுக்க அவர்களால் முடிந்திருக்கவில்லை. ஒழுகும் பீலியும், வாசிக்காமல் இட்ட கையெழுத்தும் பறிப்பதைத் தடுக்க முடியும். இந்த வாரமே தொடங்க வேண்டிய வேலை சிறியது: கூரையின் வயதைக் கண்டறிந்து ஒரு தாளில் எழுதுதல், அத்தொகைக்கென ஒரு தனிக் கணக்கைத் திறத்தல்.