தாத்தாவைக் கேளுங்கள், பதிந்து வையுங்கள்

 

நம் பள்ளியின் கலைக்கல்வித் திட்டத்திற்காக மாணவர்கள் தோட்டத்துப் பெரியவர்களைப் பேட்டி கண்டு, கைப்பேசியில் படம் பிடிக்கப் போகிறார்கள். "இது படிப்பா, விளையாட்டா சார்?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். அதற்கு விடையாகச் சில வார்த்தைகள்.

ஒரு காலத்தில் மாசி பிறந்தால் பல தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். ஆண்பிள்ளையே ரதி வேடம் கட்டுவார். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடிப் பாடுவார்கள். அந்தப் பாட்டும் ஆட்டமும் தப்படியும் பள்ளியில் படித்தவை அல்ல. அப்பன் ஆட, மகன் பார்த்துக் கற்றவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். பார்த்துக் கற்க ஆளில்லை. அன்று ஆடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தக் கலையும் போய்விடலாமா?

ஆகவே மாணவர்களே, கேள்வியை யோசித்துக் கேளுங்கள். "அந்தக் காலம் நல்லா இருந்துச்சா தாத்தா?" என்றால், "நல்லாத்தான் இருந்துச்சுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ரதிக்கு முகத்துல என்ன பூசுவீங்க? தப்பை ஏன் தீயில காய்ச்சுறீங்க?" என்று கேளுங்கள். ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகினால்தான் ஓசை எடுக்கும் என்பார். சொல்லும்போதே கை தாளம் போடும். அந்தக் கையையும் படம் பிடியுங்கள். அவர் பேச்சு நின்றால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மறந்த அடி அதற்குள் நினைவுக்கு வரலாம்.

படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, குரல் கெடக்கூடாது. காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை அசையாமல், அவருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழட்டும். தொடங்கும்போதே பெயர், ஊர், தேதியைச் சொல்லிப் பதியுங்கள்.

பாட்டியிடம் தாலாட்டுக் கேட்கலாம். ஒப்பாரி பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது என்பது பெரியவர்கள் வழக்கம். எடுத்த படத்தை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். சம்மதம் வாங்கிய பிறகே பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். பள்ளியில் ஒரு பிரதி, அவர்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்க வரும்போது, "பால் வெட்டின கிழவருக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிடாதீர்கள். நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியாத பாடம் அவரிடம் இருக்கிறது. அன்று அவர்தான் ஆசிரியர். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், குடிக்கத் தேத்தண்ணி கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.