பழைய வண்டியும் ஈயமில்லாப் பெட்ரோலும்

பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் பக்கம் இன்னும் சில வீடுகளில் அப்பா காலத்து அம்பாசடர் நிற்கிறது. "பெட்ரோலில் ஈயத்தை எடுத்தாங்க, இன்ஜின் போச்சு" என்பார்கள். அதில் பாதி உண்மை.

இன்ஜின் 'நாக்' அடிக்காமலிருக்கத்தான் ஈயம் சேர்த்தார்கள். கூடவே அது, புகை வெளியேறும் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. ஆனால் புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம். அதனால் 1995-ல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அதுதான்.

இனி கவனமாகக் கேளுங்க. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டு கடைந்த பழைய இன்ஜினில், பாரம் ஏற்றி வேகமாக ஓட்டினால் வால்வு சீட்டுக்குள் இறங்கும். டாப்பெட் இடைவெளி குறையும். சத்தமும் குறையும். "வண்டி அமைதியா ஓடுதே!" என்று சந்தோஷப்படுவோம். நானும் அப்படி ஏமாந்தவன்தான். பிறகு வால்வு முழுசா மூடாது, இழுவை போகும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கடைசியில் வால்வு கருகும்.

ஆகவே சர்வீஸ்தோறும் டாப்பெட் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதி வையுங்க. சரிசெய்த பிறகும் சீக்கிரமே குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கடினமான சீட்டு ரிங் பொருத்தச் சொல்லுங்க.

பழைய ராஜ்தூத், ஜாவா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இப்படிப்பட்ட வால்வே கிடையாது. பெட்ரோலில் ஆயில் கலக்க மட்டும் மறந்துடாதீங்க.