பிறக்காத மகளுக்கும் பங்கு

 



ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் துணிக்கடை நடத்துவோரும், அங்கே வேலை பார்ப்போரும் இந்தப் பள்ளியில் நிறைய இருக்கிறீர்கள். இஸ்லாத்தின் முதல் கலீஃபா ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களும் துணி வியாபாரிதான். கலீஃபாவான பின்பும் துணிகளைச் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் சந்தித்த உமர் (ரலி) அவர்கள் தடுத்தபோது, “பிறகு என் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு உணவளிப்பேன்?” என்ற கருத்தில் கேட்டார்கள். அதன் பின்னரே பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது.

அந்தக் குடும்பமே தீனுக்காகத் தன்னை ஒப்படைத்த குடும்பம். கி.பி. 622-ல் ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் சித்தீக் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். மகன் அப்துல்லாஹ் மக்காவின் செய்திகளைக் கொண்டு வந்தார். மகள் அஸ்மா தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக் கொடுத்தார். கையிலிருந்த பணம் முழுவதையும் தந்தை எடுத்துச் சென்றுவிட்டபோது, பார்வையிழந்த பாட்டனார் அபூகுஹாஃபா கலங்கக் கூடாதென்று, கற்களைத் துணியால் மூடி அவர் கையை அதன்மீது வைத்து ஆறுதல் சொன்னவரும் அந்த அஸ்மாதான்.

அன்பர்களே! ஹிஜ்ரி 13-ல், கி.பி. 634-ல், தம் 63-ஆம் வயதில் சித்தீக் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தார்கள். முன்பு ஒருமுறை 20 வஸக் பேரீச்சங்கனிகளை அன்பு மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அன்பளிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மகள் அதைக் கைவசப்படுத்தியிருக்கவில்லை. எனவே, இனி அது வாரிசுகளின் பொருள் என்றும், உன் இரு சகோதரர்களுடனும் இரு சகோதரிகளுடனும் வேதத்தின்படி பங்கிட்டுக்கொள் என்றும் கூறினார்கள். ஆயிஷா நாயகிக்கு வியப்பு! எனக்கு அஸ்மா ஒருவர்தானே சகோதரி, இன்னொருவர் யார் எனக் கேட்டார்கள். மனைவி ஹபீபா பின்த் காரிஜா அப்போது கருவுற்றிருந்தார். அந்தக் கருவிலிருப்பது பெண் என்றே தாம் கருதுவதாகச் சித்தீக் (ரலி) அவர்கள் சொன்னார்கள். அவ்வாறே, அவர்களின் வஃபாத்துக்குப் பின் உம்மு குல்ஸூம் என்ற மகள் பிறந்தார்.

சிந்தியுங்கள்! முகம் காணாத மகளின் பங்கைக் காக்க, முகம் பார்த்து வளர்த்த மகளிடம் பேசினார்கள் அந்தத் தந்தை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: “ஹழ்ரத், அத்தா மவுத்தாகி ஏழு வருஷமாச்சு. வீடும் கடையும் அண்ணன்மார் கையில. ‘உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே’ங்கிறாங்க. கேட்டா பிறந்த வீட்டு உறவு அத்துப் போயிடுமா?”

சகோதரர்களே! அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரும்படி விட்டதே நம் குற்றமல்லவா? நகையும் கல்யாணச் செலவும் தந்தை மகிழ்ந்து கொடுத்தவை; வாரிசுப் பங்கோ அல்லாஹ் விதித்தது. முன்னது பின்னதை அழிக்காது. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் கடமையாக்கியிருக்கிறது. உறவு முறியுமோ என்றஞ்சி ஒரு பெண் வாய் மூடியிருப்பது சம்மதமாகாது. பங்கைக் கையில் கொடுங்கள்; அதன் பின் அவர் மனமுவந்து தந்தால் அது வேறு.

ஊர் வழக்கத்தைக் காட்டி இந்நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம் பெண்களின் பங்கு மறுக்கப்பட்ட காலமும் உண்டு. 1937-ன் ஷரீஅத் சட்டம் அதைத் தடுத்தது. அதில் விடுபட்ட விவசாய நிலங்களையும் 1949-ல் சென்னை மாகாணத்தின் திருத்தச் சட்டம் சேர்த்துக்கொண்டது. சட்டம் வந்துவிட்டது, நம் வீடுகளுக்குள் அது வந்ததா?

சித்தீக் (ரலி) அவர்கள் தம்மிடம் எஞ்சியிருந்த பைத்துல்மாலின் பொருள்களையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவற்றைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், தமக்குப் பின் வருவோரைச் சிரமத்தில் ஆழ்த்திவிட்டார்களே எனக் கூறி அழுதார்கள். பழைய ஆடையிலேயே கஃபனிடுங்கள், புதியது உயிரோடிருப்போருக்கே அதிகம் தேவை என்பதும் அவர்களின் வஸிய்யத்து.

ஆகவே இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், பங்கு கொடுக்கப்படாத சகோதரி இருந்தால் அவருக்கு நீங்களே முதலில் தொலைபேசியில் பேசுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பிறர் உரிமை நம் கழுத்தில் தொங்காத நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.