காப்பிக் கடையில் சுயமரியாதை
(திருவண்ணாமலையில் ஓட்டல் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



ஓட்டல் தொழிலில் மானேஜராக முன்னுக்கு வர விரும்புகிற வாலிபர்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மானேஜர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சப்ளையர்களை அதட்டுகிறவர் என்பதாகவே நம்மவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதட்டுவதற்குப் படிப்பு எதற்கு? அது எந்த முட்டாளுக்கும் வரும். ஆட்களை மனிதர்களாக நடத்தி வேலை வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் மானேஜர் என்கிற யோக்கியதை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டுக் காப்பிக் கடையின் சரித்திரம் சாதியின் சரித்திரமுமாகும். ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்றிருந்த பேதம் 1941-ல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் ஓட்டல் வாசல்களில் 'பிராமணாள்' பலகை தொங்கிற்று. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். கிராமத்து டீக்கடைகளில் ஆதிதிராவிடத் தோழர்களுக்குத் தனிக் குவளை வைத்த அக்கிரமம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு பாடும் எதற்காக? காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் மானத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக. சரி, அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பரிமாறுகிறவன் கதி என்ன? நேற்று வாசலில் நிறுத்தப்பட்டவன் இன்று மேசையில் உட்கார்ந்துகொண்டு, அறுபது வயதுக்காரரைப் பார்த்து 'டேய் பையா, தண்ணி கொண்டா' என்கிறான்!

பௌர்ணமி வந்தால் இந்த ஊரில் லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றுகிறார்கள். 14 கிலோமீட்டர் நடந்துவிட்டுப் புண்ணியம் என்கிறார்கள். அன்றிரவு முழுதும் டபரா டம்ளரைச் சுமந்துகொண்டு மேசைக்கும் அடுப்படிக்குமாக நடக்கிற சப்ளையரின் தூரத்தை யாராவது அளந்ததுண்டா? அவர் நடையைச் சித்திரகுப்தன் எந்தக் கணக்கில் எழுதுகிறானோ தெரியவில்லை.

நிற்க. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்குப் பஸ் ஏறி ஓட்டல் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெங்களூரில், முரளி கபே மறியல் நடந்த அதே 1957-ல், ஒரு காரியம் நடந்தது. இந்தியக் காப்பிக்கு உள்நாட்டில் கிராக்கி உண்டாக்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில், 1936-ல், பம்பாயில் ஒரு காப்பி ஹவுஸ் திறந்தார்கள். பிறகு காப்பி போர்டார் பல நகரங்களில் இப்படிக் கடைகளை நடத்தினார்கள். 1950-களின் நடுவில் அவற்றை மூடிவிட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வேலை போன சப்ளையர்களும் சமையற்காரர்களும் யாரிடமும் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் சொன்ன யோசனைப்படி, கடையை நாங்களே நடத்துகிறோம் என்று கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதற்சங்கம் பெங்களூரில், அதே ஆண்டில் டெல்லியில் கடை, 1958-ல் திருச்சூரில். தட்டுக் கழுவினவனுக்கு நிர்வாகம் தெரியுமா என்று அன்று சிரித்திருக்கக்கூடிய பெரிய மனிதர்களை இன்று தேட வேண்டும். அந்தக் கடைகளோ அறுபது வருஷத்தையும் தாண்டிவிட்டன.

அங்கே நிர்வாகக் குழுவைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர் படிப்படியாகச் சப்ளையராகி, மானேஜராக வருவதும் உண்டு. அப்படி வந்தவரிடம் 'கொதிக்கிற டிக்காஷன் கையில் பட்டுவிட்டது' என்றால், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. குறையே இல்லையென்று நான் சொல்லவில்லை. ராஜசபைச் சேவகன் போல விசிறித் தலைப்பாகை இன்னும் எதற்கு? நெடுங்காலம் ஆண்களுக்கே வேலை என்று வைத்திருந்ததும் நியாயமல்ல. 2009-ல் பெங்களூர் மகாத்மா காந்தி சாலைக் கடையின் இடத்தையும் இழந்தார்கள். ஆனால் சர்ச் தெருவில் மறுபடி திறந்தார்கள்.

எல்லோரும் கூட்டுறவுக் கடை வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. முதலாளி கடையில் மானேஜராயிருக்கிறவர் செய்யக்கூடிய காரியங்களே நிறைய இருக்கின்றன. முதலில் அடுப்படியைப் பாருங்கள். கரண்டி பிடிக்க ஒரு சாதி, எச்சில் மேசை துடைக்க ஒரு சாதி என்றிருந்தால், வாசற்பலகை உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேசை துடைக்க வந்தவருக்கும் காப்பி போடக் கற்றுக்கொடுங்கள். ஆறு மாதத்தில் அவர் மாஸ்டர். சம்பளத் தேதி தவறக் கூடாது. உடைந்த டம்ளருக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வாடிக்கைக்காரனுக்குப் போடுகிற சாப்பாட்டையே ஆட்களுக்கும் போட வேண்டும். நேற்றைய சாம்பாரை அல்ல. யாருக்கு எந்த நேர வேலை என்பதை வாரத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கும் நேரமும் அவர்களுக்குத் தெரியும். டிப்ஸ் கிடைக்கிறதே என்று சம்பளத்தைக் குறைக்கிறவன் தன் ஆட்களைப் பிச்சையெடுக்க விடுகிறவன்.

உட்காரும் சங்கதி ஒன்று பாக்கி. கடையில் வேலை செய்வோருக்கு உட்கார இடம் தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். உட்காருவதற்குக்கூடச் சட்டம் வேண்டியிருக்கிற நாடு இது! ஓட்டலில் சட்டம் வந்து கேட்கும்வரையில் காத்திராமல், ஓய்ந்த நேரத்தில் உட்கார நாலு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

கடைசியாக, சாப்பிட வந்தவன் சப்ளையரை 'டேய்' என்றால் மானேஜர் என்ன செய்வது? கல்லாவை விட்டு எழுந்து போய், 'அய்யா, அவருக்குப் பெயர் இருக்கிறது' என்று பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு காப்பி வியாபாரம் போகலாம். போகட்டும்.

இரவு வேலைக்குப் போக வேண்டிய தோழர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் முதலில் அவர்களாகவே இருக்கட்டும்.