குட்டியானை மேல ஒரு அறை

2022 நவம்பர்ல எங்க சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அன்னிக்கு ராத்திரி அப்பா எங்க குட்டியானை வண்டியோட பின்பக்கம் தார்ப்பாய் கட்டிப் படுத்தார். அப்பதான் தோணுச்சு: அதுமேல ஏத்தி இறக்குற மாதிரி ஒரு கேபின் செஞ்சா என்ன?

நாமக்கல் மாவட்டத்துக்காரர் அருண் பிரபு 2019-ல ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடியில வீடே கட்டினார். போல்ட்டைக் கழட்டினா வீடு தனி, வண்டி தனி. அந்தத் தைரியத்துல நானும் இறங்கிட்டேன். 200 லிட்டர் தண்ணித் தொட்டியைக் கேபின் கூரையில, பின்பக்கமா வச்சேன்.

வைத்தீஸ்வரன்கோயில் போற வழியில ஒரு வளைவு. வண்டி ஒரு பக்கம் சாயுது, ஸ்டியரிங் லேசாகுது. உயிர் போயி வந்துச்சு. இறங்கிப் பாத்தா, தளத் தகட்டுல போட்ட போல்ட் ஓட்டையெல்லாம் கிழிஞ்சிருக்கு. 200 லிட்டர்னா 200 கிலோ. அது உயரத்துல இருந்து அலசினா தகடு எப்படித் தாங்கும்?

இப்போ தொட்டி தரையில, பின் அச்சுக்கு முன்னால இருக்கு. கேபினுக்கு அடியில மரக்கட்டை. யூ-போல்ட் நேரா சேஸிஸைச் சுத்திப் பிடிக்குது. சேஸிஸ்ல துளை போடல. தண்ணி, சாமானோட எடைமேடையில ஏத்தியும் பாத்தாச்சு. வண்டி ஓடும்போது கேபினுக்குள்ள யாரும் கிடையாது. நிரந்தரமா பொருத்துறதா இருந்தா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52.

அப்பா ஒண்ணுதான் கேட்டார்: "மழைத் தண்ணிக்குப் பயந்துதானேடா இதைக் கட்டுன? அப்புறம் எதுக்குத் தண்ணியைத் தலைமேல தூக்கி வச்ச?"