எம்மா பாட்டியின் துணிப்பை



1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஓகில்தார்ப் மலையிலிருந்து 67 வயது மூதாட்டி ஒருவர் வடக்கே பார்த்து நடக்கத் தொடங்கினார். பெயர் எம்மா கேட்வுட். ஒகையோ மாநிலத்தில் பண்ணை வேலை செய்து, பதினோரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். எங்கே போகிறார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பியிருந்தார். நடக்க வேண்டியிருந்ததோ ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர்!

அவர் நடக்கத் தொடங்கிய அப்பலாச்சியன் நடைபாதை 14 மாநிலங்களின் மலைகளைத் தொட்டுக்கொண்டு மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரம் வரை போகிறது. 1948இல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் படைவீரர் அதை முழுதாக ஒரே பயணத்தில் நடந்து முடித்தார். தன்னந்தனியாக ஒரே பருவத்தில் அதை முடித்த பெண் 1955 வரை எவரும் இல்லை.

எம்மாவின் முதுகில் மலையேறிகளின் பெரிய பை கிடையாது. டெனிம் துணியில் தானே தைத்த பை ஒன்று, ஒரு தோளில் தொங்கியது. அதில் ஒரு போர்வை, மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. மழை வந்தால் அந்தத் திரைதான் கூரை. கூடாரமும் இல்லை, படுக்கைப் பையும் இல்லை. காலில் கான்வாஸ் ஷூ. சாப்பிட டப்பாவில் அடைத்த சாசேஜ், உலர்திராட்சை, கடலை, சூப்புக் கட்டிகள். எல்லாம் சேர்ந்தும் சுமை 9 கிலோவை ஒட்டித்தான் இருந்தது.

இவ்வளவு குறைவான சுமையோடு எப்படிச் சமாளித்தார்? அதற்கான விடை பண்ணை வாழ்க்கையில் இருக்கிறது. எந்தக் கீரையைத் தின்னலாம், எது ஆகாது என்று அவருக்குத் தெரியும். குளிரும் இரவில் தட்டையான கற்களை நெருப்பில் சுட்டு, அவற்றின் மேல் படுத்துக்கொள்வார். வழியில் வீடு தென்பட்டால் கதவைத் தட்டி, திண்ணையில் படுக்க இடம் கேட்பார். பையில் இல்லாததையெல்லாம் அவருடைய கைப்பழக்கமும் முன்பின் தெரியாத மனிதர்களின் தயவும் ஈடுசெய்தன. தனி நடை என்று நாம் சொல்வதில் இந்தத் தயவுக்கும் பங்கு உண்டு.

காடு அவருக்குப் பழைய அடைக்கலம். பல்லாண்டுகள் கணவரிடம் கொடுமையாக அடிபட்டவர் அவர். தாங்க முடியாதபோது காட்டுக்குள் போய்விடுவார். 1941இல் மணவிலக்குப் பெற்றார். பின்னர் நேஷனல் ஜியாக்ரபிக் இதழில் வந்த கட்டுரை ஒன்றுதான் இந்தப் பாதையை அவருக்குக் காட்டிக்கொடுத்தது. 1954இல் மெய்னிலிருந்து தெற்கே நடக்க முயன்றார். வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது. வனக்காவலர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மறு ஆண்டே எதிர்முனையிலிருந்து கிளம்பிவிட்டார்.

பாதை சுகமானது என்று கட்டுரை சொல்லியிருந்தது; நேரில் அப்படி ஒன்றும் இல்லை. விழுந்த மரங்கள், புதர் மண்டிய வழி, சிதைந்த தங்குகுடில்கள். ஆகஸ்டில் இரண்டு புயல்களின் மழை வேறு. தேடி வந்த செய்தியாளர்களிடம் இந்தக் குறைகளை எம்மா ஒளிக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னது பின்னால் நடப்பவர்களுக்கு அவர் செய்த பேருதவி என்றே கருத வேண்டும்.

செப்டம்பர் 25ஆம் தேதி கட்டாடின் உச்சியை அடைந்தார். 1957இல் அதே பாதையை மறுபடி முழுதாக நடந்தார். 1959இல் மிசூரி மாநிலத்திலிருந்து ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் நகர் வரை நடந்தார். அப்போது வயது 71.

நெடுநடைக்கு ஆசைப்படும் நேயர்களே, எம்மாவின் பையை அப்படியே பார்த்துச் செய்துவிடாதீர்கள். கல்லைச் சுட்டுக் குளிர்காயத் தெரியாதவருக்கு நல்ல படுக்கைப் பை அவசியம்தான். ஆனால் கிளம்புமுன் உங்கள் மூட்டையைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதைச் சுமந்துகொண்டு உள்ளூரிலேயே ஒரு முழு நாள் நடங்கள். அன்று கைபடாமலே கிடந்த பொருள்களை, மருந்தையும் மழைக்கோட்டையும் தவிர, வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.