ஓடும் வீட்டில் ஒரு டிவி: கரண்ட், சத்தம், அக்கம்பக்கம்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். மோட்டார்ஹோமில் டிவி வைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது? இரண்டு காரணம் சொல்கிறேன். ஒன்று, நம் கட்டடத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஆறு மாதம் அமெரிக்கா போய் வருகிறோம். கோடை விடுமுறையில் அவர்கள் நம்மை மோட்டார்ஹோமில் ஏற்றி நேஷனல் பார்க் சுற்றிக் காட்டுகிறார்கள். இரண்டாவது, மோட்டார்ஹோம் என்பது அபார்ட்மெண்டின் சின்னப் பதிப்பு. அளவான கரண்ட், மெல்லிய சுவர், பக்கத்திலேயே இன்னொரு குடும்பம். அங்கே கற்றது இங்கேயும் உதவும்.

நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அங்கே அது குடும்பத்தோடு ஊர் சுற்றும் வீடு. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள். சியாட்டிலில் இருக்கும் என் மாப்பிள்ளை 24 அடி நீளத்தில் பழைய வண்டி ஒன்று வாங்கினார். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, 'கிளாஸ் சி' என்பார்கள், அந்த வகை. தொழிற்சாலையில் முப்பது வருடம் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன் என்பதால், "மாமா, டிவி விஷயத்தை நீங்க பாத்துக்குங்க" என்று என்னிடம் விட்டுவிட்டார். பழைய உரிமையாளர் விட்டுப்போன 32 அங்குல டிவி, ஒரு இன்வெர்ட்டர், கூரையில் இரண்டு ஸ்பீக்கர், இவ்வளவுதான் இருந்தது.

முதலில் கரண்ட்

முகாமில் பிளக் பாயிண்ட் கிடைத்தால் கவலையில்லை. 120 வோல்ட் வரும், வீடு மாதிரிதான். ஆனால் நேஷனல் பார்க் முகாம்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. யெல்லோஸ்டோன் எவ்வளவு பெரிய பார்க்! அதற்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற ஒரே முகாமில்தான் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உண்டு. மற்ற இடங்களில் வண்டியின் 12 வோல்ட் பேட்டரிதான் கதி.

அந்த பேட்டரியை நம்பி டிவி மட்டும் இல்லை. விளக்கு, தண்ணீர் பம்ப், எல்லாவற்றுக்கும் மேலாக ஹீட்டர். ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் சூடான காற்றைத் தள்ளும் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது. யெல்லோஸ்டோன் முகாம்கள் பல 2,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. ஜூலையில்கூட இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். ராத்திரி டிவி பார்த்து பேட்டரி காலியானால், விடிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிடும். குளிரில் நடுங்குவது பேரப்பிள்ளைகள். அதனால் வண்டிக்குள் டிவி கடைசி வரிசையில் நிற்கவேண்டிய விருந்தாளி.

கணக்கு சின்னதுதான். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் காகிதத்தில் 1,200 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆகவே நம் கையிருப்பு 600. அந்த வண்டியின் ஹீட்டர் ஃபேன் சுமார் 7 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 84 வாட். எட்டு மணி நேர இரவில் விட்டுவிட்டு மொத்தம் நாலு மணி நேரம் ஓடினால் 336. விளக்குக்கும் பம்புக்கும் ஒரு 60. மிச்சம் 200 சொச்சம்.

பழைய டிவி 100 வாட். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 115. மூன்று மணி நேரம் பார்த்தால் 345. கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் 24 அங்குல 12 வோல்ட் எல்இடி டிவி 25 வாட், சின்ன சவுண்ட்பார் 10 வாட். மூன்று மணி நேரத்துக்கு 105 தான். ஹீட்டரும் ஓடும், படமும் ஓடும்.

இன்னொரு விஷயம். டிவியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பல சின்ன டிவிகளில் '12 வோல்ட்' என்றே போட்டிருக்கும். பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 120 ஆக ஏற்ற, அடாப்டர் அதை மறுபடி 12 ஆக இறக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இரண்டு இடத்திலும் கரண்ட் சூடாக வீணாகிறது. நேராக பேட்டரியிலிருந்தே கொடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: என்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது அந்த 12 வோல்ட் 14.4 வரைக்கும் போகும். வீட்டு டிவிக்கு அது ஆகாது. நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று போடவேண்டும். வண்டிக்கென்றே செய்த டிவியில் அது உள்ளேயே இருக்கும்.

வயரிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 50 வாட் சாமான் நம் வீட்டில் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. 12 வோல்ட்டில் அதுவே 4 ஆம்பியருக்கு மேல். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் வயர் போட்டால், போகவர அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 4 ஸ்கொயர் போட்டால் 0.2 வோல்ட்தான் போகும். ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். டிவி பக்கம் போட்டால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

லித்தியம் பேட்டரி வாங்கலாமா என்று கேட்பீர்கள். எடை குறைவு, 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம், விலைதான் அதிகம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. குளிர் ஊரில் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

எங்கே மாட்டுவது

அந்த வண்டியின் சுவர் மெல்லிய பிளைவுட், உள்ளே தெர்மோகோல் மாதிரி நுரை. ஸ்க்ரூ பிடிக்க ஒன்றும் இல்லை. உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தேடி அதில் மாட்டவேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒரு பலகை கொடுக்கவேண்டும். டிவியைத் திருப்பிப் பார்க்கிற ஆர்ம் என்றால் அதில் பூட்டு இருக்கவேண்டும். வண்டி நகருமுன் மடக்கிப் பூட்டவேண்டும். சடன் பிரேக் அடித்தால் கட்டாத சாமான் எல்லாம் வண்டி போன வேகத்திலேயே முன்னால் பறக்கும். அந்த வரிசையில்தான் பேத்தி உட்கார்ந்திருப்பாள். வண்டி ஓடும்போது திரை டிரைவர் கண்ணில் படவும் கூடாது.

அளவைப் பற்றி ஆசை வேண்டாம். சோபாவுக்கும் திரைக்கும் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர். 24 அங்குலம் அரை மீட்டருக்குச் சற்று அதிக அகலம். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சினிமா ஹாலில் நடு வரிசையில் உட்கார்ந்த மாதிரி கண்ணை நிறைக்கும்.

என்ன பார்ப்பது

கூரையில் ஆன்டெனா இருந்தால் உள்ளூர் சேனல்கள் இலவசம். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில் முழுவதும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் படம் தெளிவாக இருக்கும். ஊர் மாறும்போதெல்லாம் சேனல் ஸ்கேன் மறுபடி போடவேண்டும்.

நமக்கு வேண்டியது தமிழ்ப் படம். அதற்கு இன்டர்நெட் வேண்டும், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. இருந்தாலும் ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் சுமார் 3 ஜிபி சாப்பிடும். ஸ்டார்லிங்க் மினி போன்ற சாட்டிலைட் தட்டு இப்போது வந்திருக்கிறது. 25 முதல் 40 வாட் இழுக்கும், அதாவது இன்னொரு டிவி. வானம் திறந்திருக்கவேண்டும். பெரிய மரத்தடியில் முகாம் போட்டால் பயனில்லை. எங்கள் வழி எளிது: கிளம்புவதற்கு முந்தைய இரவு வீட்டு வைஃபையில் பத்துப் படத்தை டவுன்லோட் செய்து வைத்துவிட்டோம். தனி டிரைவில் சேமிக்கிறீர்கள் என்றால், சுழல்கிற ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி வாங்குங்கள். ஓடுகிற வண்டியின் குலுக்கலை அதுதான் தாங்கும்.

கடைசியாக, சத்தம்

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. என் மனைவிக்கு வலது காது மந்தம். தட்டையான டிவிகளின் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழேயோ பார்த்திருக்கும், வசனம் தெளிவாக வராது. அவருக்குக் கேட்கிற அளவு வைத்தால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். குறைத்தால் அவருக்குக் கேட்காது. கொஞ்ச நாளில், "நீங்க பாருங்க, எனக்குத் தூக்கம் வருது" என்று போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அது தூக்கம் இல்லை. கேட்காத இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நம் கட்டடத்திலும் இப்படிச் சீக்கிரம் 'தூங்கப் போகிற' பெரியவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. திரைக்குக் கீழே முன்பக்கம் பார்க்கிற சின்ன சவுண்ட்பார். கூடவே அவருக்குத் தனியாக ஒரு வயர்லெஸ் ஹெட்ஃபோன், அதில் அவருக்கென்று தனி வால்யூம். ஹெட்ஃபோன் ஜாக்கில் சொருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் நின்றுவிடும். அதனால் டிவியின் ஆப்டிகல் அவுட்டில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தினோம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். சாதாரண ப்ளூடூத்தில் வாயசைவுக்குப் பின்னால் குரல் வரும். ரேடியோ அலையில் வேலை செய்கிற டிவி ஹெட்ஃபோனில் அந்தத் தொல்லை இல்லை. காது மெஷின் போடுகிறவர்கள், அதற்கான டிவி இணைப்புக் கருவி உண்டா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். முதல் இரவு வடிவேலு காமெடிக்கு எல்லோருக்கும் முன்னால் சிரித்தது என் மனைவிதான்.

சப்வூஃபர் வேண்டும் என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்றேன். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், அந்த வண்டி அளவுக்கு. மெல்லிய சுவர் அதைத் தடுக்காது. பக்கத்து வண்டிக்காரருக்கு வசனம் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். அமெரிக்க நேஷனல் பார்க் விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலும் இரவு என்பது அதே 10 முதல் 6 வரைதான். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

நம் கட்டடத்தில் தளம் வழியாக இறங்குவதும் இந்த பேஸ்தான். மேல்வீட்டுக்காரர் வால்யூமைக் குறைத்துவிட்டேன் என்பார், கீழ்வீட்டுக்காரர் இன்னும் அதிர்கிறது என்பார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். சப்வூஃபருக்கு அடியில் தடிமனான ரப்பர் ஷீட் போடுங்கள், சுவர் மூலையிலிருந்து நகர்த்துங்கள், பத்து மணிக்கு மேல் சவுண்ட்பாரில் 'நைட் மோட்' போடுங்கள் அல்லது ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். சங்கத்துக்கு வருகிற புகார் கடிதம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. படம் முடியவில்லையே என்று ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு வண்டிக்குள் தூங்கிவிடாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வாடகை வண்டி என்றால், ஏறியதும் முதல் வேலையாக அந்த அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். டிவி ரிமோட்டை அப்புறம் தேடலாம்.

என்னிடம் ஒரு வாட் மீட்டர் இருக்கிறது. பிளக்கில் சொருகினால் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். உங்கள் வீட்டு டிவியையோ செட்டாப் பாக்ஸையோ அளந்து பார்க்க விரும்பினால் வாங்கிக்கொண்டு போங்கள், இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தால் போதும். இந்தக் கோடையில் பிள்ளைகளிடம் போகிறவர்கள் கிளம்புமுன் ஒருமுறை பேசுங்கள், வண்டியின் விவரத்தை வைத்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.